அழும் குழந்தையும் ஏந்தும் கைகளும்

அரசனாயினும் ஆண்டியாயினும் மனிதன் இவ்வுலகில் எழுப்பும் முதல் ஒலி அழுகையே. சாலமோனின் ஞான நூல் ஏழாம் அதிகாரத்தில் மன்னன் தன் பிறப்பை நினைவுகூருகிறான். எல்லாரையும் போலத் தானும் அழுதுகொண்டே பிறந்ததாகவும், துணிகளில் பொதிந்து பேணி வளர்க்கப்பட்டதாகவும் அவன் சொல்கிறான். அந்த முதல் அழுகையை நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். பிறந்த பிள்ளை அழவில்லை என்றால்தான் நம் நெஞ்சம் பதறுகிறது.

ஆனால் வேறோர் அழுகை உண்டு. பிள்ளை பிறந்த இரண்டு மூன்று வாரங்களில், பெரும்பாலும் விளக்கு வைக்கும் நேரத்தில் அது தொடங்கும். பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, தோளில் சாய்த்து முதுகைத் தட்டியாயிற்று. ஆயினும் முகம் சிவந்து, கைகளை இறுக மூடி, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு குழந்தை மணிக்கணக்கில் வீறிடும். காரணம் இன்னதென்று விளங்காது. பெற்றவள் கண்ணீர் விடுவாள். பெற்றவன் செய்வதறியாது வாசலுக்கும் உள்ளுக்குமாய் நடப்பான். இந்த அழுகையின் முன் மானுடம் காலந்தோறும் என்ன செய்தது? வரலாற்றை நோக்கினால், குழந்தையின் அழுகையைப் பற்றியதைவிட, தாய்க்குக் கிடைத்த துணையைப் பற்றியே அது நமக்கு அதிகம் சொல்கிறது.

கிரேக்கரின் இரு கட்சிகள்

கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வினா கிரேக்க அறிஞரின் கவனத்தை ஈர்த்தது. பிளேட்டோ தம் முதுமையில் எழுதிய ‘சட்டங்கள்’ என்னும் நூலின் ஏழாம் பகுதியில் தாய்மாரின் பழக்கம் ஒன்றைச் சுட்டுகிறார். உறங்க மறுக்கும் குழந்தையைத் தாய் அசையாமல் கிடத்துவதில்லை. கைகளில் ஏந்தி ஆட்டுகிறாள். வாய்மூடி இருப்பதில்லை, பாடுகிறாள். குழந்தையின் உள்ளே எழும் அச்சத்தின் அலைவை, வெளியிலிருந்து தரப்படும் அசைவு வென்று அடக்கிவிடுகிறது என்பது அவர் தரும் விளக்கம்.

அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் வேறொன்று கூறுகிறார். குழந்தைகள் வீறிட்டு அழுவதைத் தடுக்க முற்படுவோர் தவறு செய்கின்றனர்; அழுகை வளரும் உடலுக்கு ஒரு பயிற்சி; அது வலிமை தரும் என்பது அவர் கருத்து. ஆட்டித் தேற்று என்பது ஒரு கட்சி, அழட்டும் விடு என்பது மறுகட்சி. பின்வந்த நூற்றாண்டுகளில் எழுந்த அறிவுரைகளுள் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றின் மறுபதிப்பே எனலாம்.

எபேசு நகரத்தவரான சொரானுஸ் என்னும் மருத்துவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையில் புகழ்பெற்றிருந்தார். அவர் நடுவழி நின்றார். அளவான அழுகை கெடுதல் செய்யாது. நீண்ட அழுகை நல்லதன்று. அழுதவுடன் பால் கொடுப்பதே மருந்தென்று செவிலி எண்ணலாகாது. சுற்றிய துணி இறுக்குகிறதா, ஏதேனும் கடித்துவிட்டதா, குளிரா, வெப்பமா, உண்டது மிகுந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாக ஆராய வேண்டும் என்றார். பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அந்தப் பட்டியல் பழுதற்றதாகவே இருக்கிறது.

புனித அகுஸ்தினார் கண்ட குழந்தை

திருச்சபையின் மறைவல்லுநருள் ஒருவரான புனித அகுஸ்தினார், 397ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கிய தம் ஒப்புகை நூலைத் தம் மழலைப் பருவத்திலிருந்தே தொடங்குகிறார். அப்பருவம் அவர் நினைவில் இல்லை. பிறர் சொல்லக் கேட்டும், மற்றக் குழந்தைகளைக் கூர்ந்து நோக்கியும் தாம் எவ்வாறு இருந்திருப்போம் என்று அறிகிறார். பாலுக்காகப் பேராவலோடு அழுதேனே, அது பாவமா என்று தம்மையே வினவுகிறார். பால் குடிக்கும் மற்றொரு குழந்தையைப் பொறாமையோடு வெறித்துப் பார்த்த சிசு ஒன்றைத் தாம் கண்டதாகவும் எழுதுகிறார்.

குழந்தையின் உள்ளத்திலும் மனித இயல்பின் ஊனத்தைக் கண்டவர் அவர். எனினும் அதே இடத்தில் அவர் கூறும் வேறொன்று நம் கவனத்திற்குரியது. பெரியவர்கள் இவற்றையெல்லாம் கனிவோடு பொறுத்துக்கொள்கிறார்கள். வயது ஏற ஏற இவை மறைந்துவிடும் என்று அறிந்திருப்பதே அதற்குக் காரணம் என்கிறார். தாயும் செவிலியரும் ஊட்டிய பாலைக் கடவுளின் இரக்கமாக அவர் போற்றுகிறார். செவிலியர் என்று பன்மையில் அவர் குறிப்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்த வீட்டில் குழந்தையை ஏந்திய கைகள் மோனிக்கம்மாளின் கைகள் மட்டும் அல்ல.

தாலும் தூளியும்

நம் மண்ணுக்கு வருவோம். தமிழில் ‘தால்’ என்பது நாவைக் குறிக்கும். நாவை அசைத்து எழுப்பும் ஒலியால் பிள்ளையை உறங்க வைப்பதால் தாலாட்டு எனப் பெயர் வந்தது என்பர். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களுள் மூன்றாவதாகத் தாலப்பருவத்தை வைத்தனர் நம் முன்னோர். தாயின் பழஞ்சேலையே தூளியாயிற்று. அவள் உடலின் மணமும், வயிற்றுக்குள் இருந்தபோது உணர்ந்த வளைவும் அசைவும் அதில் பிள்ளைக்குக் கிடைத்தன. பிளேட்டோ எழுதிவைத்ததை அவர் பெயரையே கேட்டறியாத நம் பாட்டிமார் நாள்தோறும் செய்துவந்தனர்.

நாட்டுப்புறத் தாலாட்டுகளில் பரவலாகக் காணும் ஒரு கூறு உண்டு. அழுகிற பிள்ளையிடம், உன்னை அடித்தவர் யார் என்று தாய் கேட்கிறாள். மாமனா, அத்தையா, பாட்டியா என்று உறவுகளை ஒவ்வொன்றாக அழைக்கிறாள். இதைக் கற்பனை நயம் என்று மட்டும் நாம் எண்ணிவிடலாகாது. பாட்டில் பெயர் வந்த ஒவ்வொருவரும் அந்த வீட்டில் பிள்ளையை வாங்கித் தோளில் போடக்கூடியவரே. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தின் உட்பொருளும் இதுவே. நடுச்சாமத்தில் பெற்றவளின் கை ஓய்ந்தபோது வாங்கிக்கொள்ள அவளுடைய தாய் அருகிலேயே படுத்திருந்தாள்.

இதைச் சொல்வதால் பழங்காலத்தைக் குறையற்ற காலமாக நாம் காட்ட விரும்பவில்லை. பிள்ளை ஓயாமல் அழுதால், பெற்றவள் பத்தியம் காக்கவில்லை, அவள் பால் ஆகவில்லை, கண்ணேறு பட்டுவிட்டது என்று பழி சுமத்திய நாவுகளும் அதே வீட்டில்தான் இருந்தன. வசம்பைச் சுட்டு உரைத்துப் புகட்டினர். அதற்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயரும் வைத்தனர். அதனை உள்ளே கொடுப்பதை இக்கால மருத்துவர் ஏற்பதில்லை. வயலில் வேலை செய்த ஏழைத் தாயோ மரக்கிளையில் தூளி கட்டிவிட்டு நடவுக்கு இறங்கினாள். அந்தத் தூளியை ஆட்டியது பெரும்பாலும் பள்ளிக்குச் செல்ல வேண்டிய அக்காளின் சிறு கை. துணை கிடைத்தது உண்மை. அதன் விலையை யார் கொடுத்தார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

அபின் தந்த அமைதி

துணை அறவே அற்றுப்போன இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து சான்று. பஞ்சாலைகளும் பின்னல் தொழிலும் பெருகிய நகரங்களில் தாய்மார் விடியலில் வேலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்பினர். வீட்டில் இருந்து தொழில் செய்தவர்களும் கையை எடுத்தால் கூலி இழந்தனர். அழும் குழந்தைக்கு அவர்கள் கொடுத்தது ‘காட்ஃபிரேஸ் கார்டியல்’ என்ற இனிப்பு மருந்து. வெல்லப்பாகில் அபின் கலந்தது அது. குழந்தை உறங்கிற்று. பசித்தபோதும் உறங்கிற்று. பால் கேட்டு அழும் வலுவின்றி மெலிந்து மடிந்த குழந்தைகள் பலர். 1840களில் சிறார் உழைப்பை விசாரித்த அரசு ஆணைக்குழுவின் முன் நாட்டிங்காம் நகரப் பின்னல் தொழிலாளர் இப்பழக்கத்தைப் பற்றிச் சாட்சியம் அளித்தனர்.

அடுத்து நடந்தது சிந்திக்கத்தக்கது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. வேலையிழந்த குடும்பங்கள் பட்டினி கிடந்தன. நிலைமையை ஆராய அரசால் அனுப்பப்பட்ட மருத்துவர் எட்வர்ட் ஸ்மித், அத்துயரின் நடுவிலும் ஒரு நன்மையைக் கண்டார். தாய்மாருக்கு இப்போது தம் குழந்தைகளுக்குப் பாலூட்ட நேரம் கிடைத்தது. அபின் மருந்தைப் புகட்டும் தேவை ஒழிந்தது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலில் கார்ல் மார்க்ஸ் இதனை எடுத்துக்காட்டுகிறார். இத்தாய்மார் கொடியவர்களாக இருந்ததால் நஞ்சூட்டவில்லை. அவர்களுக்கு நேரமும் இல்லை. குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையும் இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதை. மெய்ன் மாநிலத்தில் 1849 முதல் விற்பனைக்கு வந்த ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்’ என்ற மருந்தில் மார்ஃபின் இருந்தது. அன்பான தாயின் படத்தோடு விளம்பரம் செய்யப்பட்ட அம்மருந்தின் புட்டியில், உள்ளே இருப்பது இன்னதென்று எழுத வேண்டிய கட்டாயம் 1906ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதனைக் குழந்தைக்கொல்லி மருந்துகளின் வரிசையில் சேர்த்துக் கண்டித்தது.

முன்சொன்ன அதே நாட்டிங்காமில், 1851இல் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, சிறிதளவு மதுசாரம் ஆகியவற்றைக் கலந்து ஒரு நீர்மருந்து செய்தார். சதுப்புநிலப் பகுதிகளில் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து குழந்தைகளின் அழுகையையும் தணிப்பதாகக் கண்டதே அதற்கு வித்து. அதுவே நம் வீடுகளுக்கெல்லாம் அறிமுகமான கிரைப் வாட்டர். தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் அதனையே சொல்லிக் கொடுப்பதாகக் காட்டிய விளம்பரம் வாசகர் பலருக்கு நினைவிருக்கும். அதில் அபின் இல்லை. ஆனால் மூலக் கலவையில் மதுசாரம் நூற்றுக்கு 3.6 பங்கு இருந்தது. இங்கிலாந்தில் அது நீக்கப்பட்டது 1992இல்தான். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் வலியுறுத்தி வருகிறது.

இந்தியாவிலும் ஆலைகள் வந்தபோது அபினும் தொட்டிலுக்கு வந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த தாய்மார் தம் சிசுக்களுக்குச் சிறு அபின் உருண்டைகளைக் கொடுத்துவிட்டு வேலைக்குச் சென்றனர். ‘பாலா கோலி’ என்று அவற்றுக்குப் பெயர். 1920களில் அப்பெண்களிடையே பணியாற்றிய மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தனர். 1931இல் அறிக்கை அளித்த அரச தொழிலாளர் ஆணைக்குழு ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் அமைப்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கட்டாயமாக்கிற்று. 1976இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. 1961இல் நாடு தழுவிய மகப்பேற்று நலச்சட்டம் வந்தது; 2017இல் ஊதியத்தோடு கூடிய விடுப்பு 26 வாரங்களாயிற்று. அபின் உருண்டைக்கு மாற்று, ஏந்தும் ஒரு கை என்பதை அரசும் மெல்ல மெல்ல உணர்ந்ததன் வரலாறு இது.

மருத்துவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னவை

இதற்கிடையில் மேலைநாட்டு மருத்துவ அறிவுரை ஊஞ்சலைப் போல் ஆடிற்று. நியூயார்க்கின் எம்மெட் ஹோல்ட் 1894இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், கைக்குழந்தை நாளொன்றுக்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் அழுவது இயல்பே, அது உடற்பயிற்சி என்றது. தொட்டில் ஆட்டுவதும் தேவையற்ற பழக்கம் என்றது. 1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் ஒரு படி மேலே சென்று, பிள்ளையை அணைப்பதும் முத்தமிடுவதும் அதனைக் கெடுக்கும் என்று எழுதினார். அரிஸ்டாட்டிலின் கட்சி அறிவியல் உடை உடுத்தி வந்தது எனலாம். 1946இல் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய நூல் தாய்மாரின் இயல்பறிவை நம்பச் சொன்னது. காற்று மறுபக்கம் வீசத் தொடங்கிற்று.

ஒவ்வொரு காலத்திலும் அறிவுரை தாயை நோக்கியே சொல்லப்பட்டது. தூக்கினால் கெடுத்தாள் என்றனர்; தூக்காவிட்டால் அன்பற்றவள் என்றனர்.

கணக்கெடுத்தபோது தெரிந்தது

அழுகையை முறையாக அளக்கும் பணி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தொடங்கிற்று. 1954இல் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் வெஸ்ஸல் ஒரு வரையறை தந்தார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல், வாரத்தில் மூன்று நாள்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் அழும் நலமான குழந்தையே மிகுதியாக அழும் குழந்தை. 98 குழந்தைகளை ஆராய்ந்து அவர் இதைச் சொன்னார்.

1962இல் பெர்ரி பிரேசல்டன் 80 தாய்மாரிடம் நாட்குறிப்பு எழுதச் சொல்லிப் பெற்ற முடிவு இன்னும் பயனுடையது. குழந்தையின் அழுகை இரண்டாம் வாரத்திலிருந்து ஏறுகிறது. ஆறாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி என்னும் உச்சத்தை அடைகிறது. பின்னர் இறங்கி, பன்னிரண்டாம் வாரத்தில் ஒரு மணிக்கும் கீழே வந்துவிடுகிறது. நலமான குழந்தைகளின் கணக்கு இது. வயது ஏற இது மறையும் என்று அகுஸ்தினார் சொன்னது நாட்குறிப்புகளால் உறுதியாயிற்று.

கையில் ஏந்துவதால் பயன் உண்டா? 1986இல் மொன்றியாலில் நடந்த ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கி வைக்கப்பட்ட குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதனர். ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில் வாழும் குங் மக்கள் குழந்தையை நாளெல்லாம் உடலோடு சேர்த்தே வைத்திருப்பர். மணிக்குப் பலமுறை பாலூட்டுவர். அக்குழந்தைகளும் முதல் மாதங்களில் அடிக்கடி அழுகின்றனர். ஆனால் ஒவ்வொரு முறையும் விரைவில் ஓய்ந்துவிடுகின்றனர் என்று 1991இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு, ஏற்கெனவே மிகுதியாக அழும் குழந்தைகளைக் கூடுதலாகத் தூக்கியும் பயன் இல்லை என்றது. ஆகவே சில குழந்தைகள் எவ்வளவு தாங்கினாலும் அழவே செய்வர். அது பெற்றவளின் குறையன்று.

இதை வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1971இல் இங்கிலாந்தின் ஹல் நகர அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச், வெளிக்காயம் ஏதுமின்றி மூளையில் இரத்தக்கசிவுற்ற குழந்தைகளைப் பற்றி எழுதினார். பிடித்துக் குலுக்கியதே காரணமாகலாம் என்றார் அவர். பெரியவர் பொறுமையிழந்த ஒரு நொடியில் உலுக்கப்பட்ட குழந்தை பார்வையை இழக்கலாம், உயிரையும் இழக்கலாம். இந்நிகழ்வுகள் அழுகை உச்சத்தை எட்டும் முதல் மாதங்களையொட்டியே மிகுகின்றன என்று பின்வந்த ஆய்வுகள் கண்டன. இதைச் செய்தவருள் உறக்கமின்றித் தனித்து நின்ற சாதாரணப் பெற்றோரும் உண்டு.

நம் முன் உள்ள கடமை

செய்ய வேண்டியவை எளியவை. பசி, ஈரம், குளிர், வெப்பம், இறுக்கம் என்று சொரானுஸ் சொன்ன வரிசையில் பார்க்க வேண்டும். காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், மூச்சுத் திணறல், சோர்ந்து கிடத்தல், அழுகுரலே மாறிப்போதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவை ஏதும் இல்லையாயின், ஏந்தலாம், ஆட்டலாம், பாடலாம். பெற்றவருக்குப் பொறுமை எல்லை கடக்குமானால் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்கலாம். அதனால் பிள்ளைக்குத் தீங்கில்லை. தாய் நாள்கணக்கில் உண்ணாமல், உறங்காமல், வாழ்வையே வெறுத்துப் பேசினால் அதுவும் மருத்துவம் வேண்டும் நோயே. அதை மனத்தளர்ச்சி என்று ஒதுக்கிவிடலாகாது.

பிள்ளை வரம் வேண்டி வேளாங்கண்ணியில் சிறு தொட்டில் கட்டும் வழக்கம் நம் மக்களிடையே உண்டு. தொட்டில் கட்டும்போது உற்றார் உடன் வருகின்றனர், உறவெல்லாம் செபிக்கிறது. வரம் கிடைத்த பின், நகரத்தின் அடுக்குமாடியில் இரண்டே அறையில், தாய்வீடு தொலைவிலும் கணவன் வேலையிலுமாக, மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் அழுகையின் முன் அப்பெண் தனியே நிற்கிறாள். ஞாயிறு திருப்பலியில் பிள்ளை வீறிட்டால் திரும்பிப் பார்க்கும் முகங்களுக்கு அஞ்சி வெளியே போய்விடுகிறாள். லங்காஷயரின் ஆலைத்தாய்க்கு இல்லாத வசதிகள் இவளுக்கு உண்டு. அவளுக்கு இல்லாத துணை இவளுக்கும் இல்லை.

அன்பியக் கூட்டங்களில் நோயுற்றோரைச் சந்திக்க முறை வைக்கிறோம். இறப்பு வீட்டுக்குச் சோறு கொண்டு செல்கிறோம். ஆறு வாரக் குழந்தை அழும் வீட்டுக்கும் அப்படி ஒருவர் செல்லலாம். மருந்து சொல்லவும் வேண்டாம். குறை காணவும் வேண்டாம். ‘பிள்ளையை இப்படிக் கொடும்மா, நீ போய் ஒரு மணி நேரம் படு’ என்று கையை நீட்டினால் போதும்.